கடைக்கு இணையவழித் தொலைபேசி வாங்க வேண்டும்: பெட்டியா, மாத வாடகையா?

நெத்திலிக்கடை (தங்கச்சிமடம்)
மே 4, 2025

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் அப்பா காலத்திலிருந்து கருவாடு மொத்த வியாபாரம் செய்கிறோம். கடை சாலையோரத்தில் இருக்கிறது, காயவைக்கும் களம் வடகடல் கரையில், கிடங்கு உச்சிப்புளியில். என்னையும் சேர்த்து ஏழு பேர்.

04573 என்று தொடங்கும் தரைவழி எண் ஒன்று கடையில் இருக்கிறது. சாக்கிலும் ரசீதிலும் அச்சாகியிருப்பது அந்த எண்தான். திண்டுக்கல், கொல்லம் வியாபாரிகளின் பழைய நோட்டுகளிலும் அதுதான் எழுதியிருக்கிறது. ஆனால் வாடைக்காற்று தொடங்கினால் அந்த இணைப்பு செத்துவிடும். கம்பத்துப் பெட்டியைப் போன மாதம் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். செம்புக்கம்பி முனைகள் பச்சைப் பொடியாய்ப் பூத்திருந்தன. தொட்டால் விரலில் ஒட்டுகிறது.

அதனால் ஆட்கள் அவரவர் கைப்பேசியிலேயே வியாபாரம் பேசினார்கள். எங்களிடம் நான்கு ஆண்டுகள் இருந்த ஒரு தம்பி போன ஆண்டு தனியாகக் கடை வைத்துக்கொண்டான். அவன் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் கொல்லத்து வியாபாரிகள் மூன்று பேருக்குத் தெரிந்த எண் அவனுடைய எண். அவர்கள் அவனோடு போய்விட்டார்கள். ஒரு சரக்குக்கும் குறை சொன்னவர்கள் இல்லை. எண் போனது, ஆள் போனது.

இப்போது இரண்டு விற்பனையாளர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஒருவர் 38,000 ரூபாய்க்கு, அழைப்புகளை ஆட்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி ஒன்றைக் கடையில் வைத்தால் ஆயுளுக்கும் செலவில்லை என்கிறார். மற்றவர் பெட்டியே வேண்டாம், எல்லாம் இணையத்தில் இருக்கிறது, ஆளுக்கு மாதம் இவ்வளவு என்கிறார். ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, எங்களுக்கும் வேலை குறைவு. மாற்றுவதென்றால் இப்போதே மாற்றவேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கண்ணாடியிழை (இராமநாதபுரம்)
மே 4

தம்பி, விலையைப் பிறகு பார்ப்போம். முதலில் நான்கு கேள்விகள். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை அழைப்புகள் வரும்? கடையில் என்ன இணையம்? கிடங்கில் என்ன? மின்சாரம் போனால் என்ன செய்கிறீர்கள்?

நெத்திலிக்கடை
மே 4

சரக்கு வரும் நாளில் காலை ஐந்து மணியிலிருந்து எட்டு வரை நெருக்கடி. அப்போது மூன்று நான்கு அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மற்ற நேரம் ஒன்றிரண்டுதான். கடையில் ஃபைபர் இருக்கிறது. கிடங்கில் கைப்பேசி 4ஜி மட்டும். மின்சாரம் போனால் ஒன்றும் இல்லை, விளக்குக்கு மட்டும் ஒரு இன்வெர்ட்டர்.

அக்னிதீர்த்தக்கரை (இராமேசுவரம்)
மே 5

தம்பி, நான் பதினாறு அறைகள் உள்ள விடுதி நடத்துகிறேன். உங்களுக்கு முன்பே இந்த வேலையில் இறங்கிப் பட்டதைச் சொல்கிறேன்.

தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளயம் நெருங்கினால் எங்கள் தொலைபேசி ஓயாது. குஜராத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் அழைப்பார்கள். பாம்பன் புதுப் பாலம் ஏப்ரலில் திறந்து ரயில் மறுபடி ஊருக்குள் வரத் தொடங்கியதிலிருந்து இன்னும் கூடியிருக்கிறது. நான் வாங்கிய திட்டத்தில் ஆறு பேர் பேசலாம் என்று போட்டிருந்தது. விடுதிக்குள் ஆளுக்கொன்றாகத் தரும் ஆறு உள்ளிணைப்பு எண்கள் என்பது அதன் பொருள். ஒரே நேரத்தில் வெளியிலிருந்து வரக்கூடிய அழைப்புகள் இரண்டுதான் என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது ஆளுக்கு ‘எண் உபயோகத்தில் உள்ளது’. அமாவாசைக்கு முந்தைய வாரம் முழுக்க அப்படி எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ, கணக்கே இல்லை.

ஆகவே இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஒரே நேரத்தில் வெளி அழைப்பு எத்தனை?

இன்னொன்று, ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், இந்திக்கு இரண்டை அழுத்தவும்’ என்னும் அறிவிப்பு. எனக்கு அது உதவுகிறது, ஏனென்றால் இந்தி பேசும் பையன் ஒருவன்தான் இருக்கிறான். உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். விடியற்காலையில் விலை கேட்க அழைக்கும் வியாபாரி பதிவுசெய்த குரலைக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார், அடுத்த கடைக்கு அழைப்பார்.

சாயல்குடிப்பனை
மே 5

கருப்பட்டி வியாபாரம். பெட்டி வாங்கும் முன் என் கதையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எனக்குக் கணினியில் கொஞ்சம் ஆர்வம் உண்டு. ஆஸ்டரிஸ்க் என்னும் இலவச மென்பொருளை ஒரு சின்னக் கணினியில் ஏற்றி, நானே பிபிஎக்ஸ், அதாவது அழைப்புகளைப் பிரித்துத் தரும் பெட்டி, அமைத்தேன். உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து எஸ்ஐபி இணைப்பு (இணையம் வழியாக வெளி அழைப்பு வந்துபோகும் இணைப்பு) வாங்கினேன். மூன்று மாதம் அருமையாக ஓடியது. ஊருக்குப் போகும்போதும் கைப்பேசியிலிருந்து பேசவேண்டும் என்று எஸ்ஐபி அழைப்புகள் நுழையும் 5060 என்ற எண்ணுள்ள வாசலை இணையத்துக்குத் திறந்துவிட்டேன். உள்ளிணைப்பு எண் 101, கடவுச்சொல்லும் 101.

ஒரு திங்கட்கிழமை காலை அழைப்புப் பட்டியலைப் பார்த்தால், நள்ளிரவு ஒன்றரை முதல் நான்கு வரை வரிசையாக வெளிநாட்டு எண்கள். முன்பணமாகப் போட்டிருந்த 6,000 ரூபாயில் பதினோரு ரூபாய் மிச்சம். முன்பணம் என்பதால் அதோடு நின்றது. மாதக் கட்டணமாக இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த வாசலை நாள் முழுக்கத் தட்டிப் பார்ப்பதற்கென்றே உலகெங்கும் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடையில் பெட்டி வைத்தால் அதற்குக் காவலும் நீங்கள்தான். விற்பவர் ‘ஆயுளுக்கும் செலவில்லை’ என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆண்டுதோறும் மென்பொருளைப் புதுப்பிக்க யார் வருவார் என்று கேளுங்கள்.

கண்ணாடியிழை
மே 6

சாயல்குடி அண்ணன் சொன்னது அவ்வளவும் சரி. வெளிநாட்டு அழைப்பு உங்களுக்குத் தேவையில்லை என்றால் முதல் நாளே அதை அடைத்துவிடச் சொல்லுங்கள். எந்த முறையை எடுத்தாலும் சரி.

இனி என் பக்கம். இருபது ஆண்டுகளாக மண்டபம் முதல் தொண்டி வரை இணைப்பு வேலை பார்க்கிறேன். விற்பவர்கள் எல்லோரும் இணைய வேகத்தைப் பற்றியே பேசுவார்கள். குரலுக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை. வழக்கமான தரத்தில் ஒரு பேச்சுக்குப் போகும் வழியில் 90 கிலோபிட், வரும் வழியில் 90 கிலோபிட். ஐந்து பேர் ஒருசேரப் பேசினாலும் அரை மெகாபிட்டுக்குள் அடங்கும். உங்களிடம் இருப்பது அதைப்போல நூறு மடங்கு.

குரல் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பேச்சை 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, நொடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்புகிறது. படம் பதிவிறக்கும்போது ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேச்சில் அது நடக்காது. லாரி புறப்பட்ட பிறகு வந்த ஐஸ் பெட்டி மாதிரி, நேரம் தவறி வந்த பொட்டலத்தைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. அப்படி நூற்றுக்கு நான்கைந்து விழுந்தாலே குரல் வெட்டி வெட்டிக் கேட்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கும் வரம்பும் அந்த 150தான்.

ஆகவே இரவு ஏழு முதல் பத்து வரை, ஊரே படம் பார்க்கும் நேரத்தில், உங்கள் கணினியிலிருந்து ‘பிங்’ கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு பொட்டலம் போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அது காட்டும். ஒரு நாள் போதாது, ஒரு வாரம் பாருங்கள். எண்கள் 20, 22, 21 என்று சீராக வருகிறதா, 20, 180, 35, 240 என்று குதிக்கிறதா? குதித்தால் எந்தத் திட்டம் வாங்கினாலும் பயனில்லை, முதலில் இணையத்தைச் சரிசெய்யவேண்டும்.

கீழக்கரை வலம்புரி
மே 6

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுக்குப் பயணச்சீட்டு அலுவலகம். பாதி வாடிக்கையாளர்கள் துபாயிலும் அபுதாபியிலும் இருக்கிறார்கள். இங்கே எல்லோரும் ‘வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு’ என்று கேட்கிறார்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் அழைப்புப் போகாது. அங்கிருந்து அழைக்கும் தொழிலாளிக்குச் சாதாரணத் தொலைபேசி எண் ஒன்று வேண்டும்.

தம்பிக்கு ஒரு செய்தி. உங்கள் 04573 எண்ணையே வாட்ஸ்அப் பிசினஸில் பதிந்துகொள்ளலாம். பதியும்போது சரிபார்ப்புக் குறியீட்டைக் குறுஞ்செய்தியில் கேட்காமல், அழைத்துச் சொல்லும்படி கேட்கவேண்டும். தரைவழி எண்ணுக்கு அது வேலை செய்கிறது. அறிவிப்புக் குரல் வைத்திருந்தால் அந்த நேரம் மட்டும் அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குறியீடு சொல்லும் அழைப்பு அறிவிப்போடு பேசிக்கொண்டிருக்கும். எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாள் இதற்காகவே மல்லுக்கட்டினோம்.

நெத்திலிக்கடை
மே 7

வலம்புரி காக்கா, மிக்க நன்றி. இது எனக்குத் தெரியவே தெரியாது.

ஏழு நாள் பிங் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இடையில் ஒரு சந்தேகம். இரண்டாவது விற்பனையாளர் ‘பழைய எண்ணையும் எங்களிடமே மாற்றித் தந்துவிடுகிறோம்’ என்றார். அப்படி முடியுமா?

கண்ணாடியிழை
மே 7

முடியாது. அவர் தெரியாமல் சொல்லியிருக்கலாம். கைப்பேசி எண்ணை 2011 முதல் நிறுவனம் விட்டு நிறுவனம் மாற்றலாம். தரைவழி எண்ணுக்கு அந்த வசதி கிடையாது. அந்த நிறுவனத்தின் இணைப்பை நீங்கள் துண்டித்தால் எண் போய்விடும், நாளை வேறொருவருக்குக் கொடுத்தாலும் கேட்க முடியாது. முப்பது ஆண்டுச் சாக்கில் அச்சான எண்ணைத் தயவுசெய்து அவசரத்தில் இழந்துவிடாதீர்கள். இதை நான் கும்பிட்டுக் கேட்கிறேன். ஏர்வாடிப் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்காரர் வேறொருவர் பேச்சைக் கேட்டு இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு என்னிடம் வந்தார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வழி இருக்கிறது. அதே நிறுவனத்திடம் அதே எண்ணைச் செம்புக்கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மாறிய பிறகு அதுவும் இணையவழிக் குரல்தான், மோடத்தின் பின்னால் தொலைபேசிக்கென்று ஒரு துளை இருக்கும். பின்னர் அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை நீங்கள் வாங்கப்போகும் புது எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். எல்லா அழைப்பையும் திருப்பும்படி வைத்தால் திருப்பம் நிறுவனத்தின் நிலையத்திலேயே நடக்கும், உங்கள் கடையில் மோடம் அணைந்து கிடந்தாலும் அழைப்பு போய்ச்சேரும். திருப்பும் கட்டணம் உங்கள் கணக்கில் ஏறும், திட்டத்தில் அது இலவசமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புது எண்ணுக்கும் இதே கேள்விதான். சேவையை விட்டு விலகினால் எண் என்னுடன் வருமா, உங்களிடமே நின்றுவிடுமா? அந்தத் தம்பி போனபோது மூன்று வியாபாரிகள் போனார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வாடகைக்கு விடும் நிறுவனத்தோடு பிணக்கு வந்தால் எல்லோரும் போய்விடுவார்கள். ஆகவே வாடகை எண்ணைச் சாக்கில் அச்சடிக்க வேண்டாம், அது பின்னால் இருக்கட்டும். முன்னால் பழைய எண்ணே நிற்கட்டும்.

மன்னார்க்காற்று (மண்டபம்)
மே 8

வெளிநாட்டுச் செயலி ஒன்றில் மிகக் குறைந்த விலைக்கு எண் கிடைக்கிறதே, அதைக் கடைக்கு வைத்துக்கொண்டால் என்ன?

கண்ணாடியிழை
மே 8

வேண்டாம். இணையத்திலிருந்து நாட்டுத் தொலைபேசிக்கு அழைப்பதை 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது, 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமத்தில் திருத்தம் செய்து அனுமதித்தது. ஆனால் உரிமம் பெற்ற நிறுவனம் வழியாக மட்டும். அதேபோல் ஒரு பெட்டியில் பத்துப் பதினைந்து சிம் அட்டைகளைச் செருகி இணைய அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றித் தருவதாக யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது சட்டவிரோதம். நமது கரையோரத்தில் காவல்துறை அதைச் சாதாரண வழக்காகப் பார்க்காது.

அக்னிதீர்த்தக்கரை
மே 8

மின்சாரத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பழைய செம்புக்கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. ஊர் இருட்டாகக் கிடந்தாலும் தொலைபேசி பேசியது. ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் வராது. மோடம் அணைந்தால் எல்லாம் அணைந்தது.

2024 நவம்பரில் இங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது எங்கள் வரவேற்பறையில் கணுக்கால் தண்ணீர். ஃபைபர் அறுபடவில்லை. மின்சாரம் இல்லாததால் மோடம் செத்துக் கிடந்தது. வந்து சேரமுடியாத யாத்திரிகர்கள் அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மோடத்துக்கென்றே 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கிச் சுவரில் இடுப்புக்கு மேல் மாட்டியிருக்கிறேன். மூன்றரை மணி நேரம் தாங்குகிறது.

சாயல்குடிப்பனை
மே 9

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உப்புக்காற்று கண்ணாடியைத் தின்னாது, ஆனால் மோடத்தின் மின்முனையைத் தின்றுவிடும். தொலைபேசிக் கம்பி முனையின் சின்ன உலோகக் கால்களும் ஓராண்டில் கறுத்துவிடும். தெற்குப் பார்த்த சன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். கதவுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், காற்றோட்டத்துக்கு அடிப்பக்கம் மட்டும் துளை விட்டு வையுங்கள்.

நெத்திலிக்கடை
மே 15

பிங் முடிவு: கடையில் ஏழு நாளும் சீராக இருந்தது, ஒரு சனிக்கிழமை இரவு மட்டும் அரைமணி நேரம் குதித்தது. உச்சிப்புளிக் கிடங்கில் 4ஜி பகலில் நன்று, மாலையில் சுமார்.

இரண்டாமவரிடம் பத்து நாள் சோதனைக்கு வாங்கிப் பார்க்கிறேன். ஒரு சிக்கல். அழைப்பு எடுத்தால் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் குரல் இங்கே வரவில்லை. சில அழைப்புகள் அரை நிமிடத்தில் தானாகத் துண்டாகின்றன. மாதக் கட்டணம் கட்டும் முன் இதுவே இப்படியென்றால் பயமாக இருக்கிறது.

கண்ணாடியிழை
மே 15

பயப்படவேண்டாம். அரை நிமிடத்தில் துண்டாவது, ஒருபக்கக் குரல், இரண்டுமே பெரும்பாலும் ரவுட்டரின் வேலை. அதற்குள் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்று ஒரு அமைப்பு இருக்கும். உதவி செய்வதாக நினைத்துப் பொட்டலத்தின் முகவரியைத் திருத்தி எழுதிவிடும், திரும்பி வரும் குரல் முகவரி தெரியாமல் தொலையும். பாதுகாப்பு அல்லது ‘நாட்’ என்ற பக்கத்தில் தேடி அணைத்துவிட்டு ரவுட்டரை ஒருமுறை நிறுத்தி இயக்குங்கள்.

நெத்திலிக்கடை
மே 16

அணைத்தேன். சரியாகிவிட்டது! நேற்று இரவு பதினோரு மணிக்கு அப்பாவை எழுப்பிக் களத்துக்கு அனுப்பி, அங்கிருந்து பேசச்சொல்லிப் பார்த்தேன். அலைச்சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

கீழக்கரை வலம்புரி
மே 16

அல்ஹம்துலில்லாஹ். விலை பேசும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். அழைப்பைப் பதிவுசெய்யும் வசதியை எடுத்தால் பதிவாகிறது என்று மறுமுனைக்குச் சொல்லுங்கள், அது மரியாதை. இன்னொன்று, அவசர அழைப்புக்கு இதை நம்பவேண்டாம். 112 என்றாலும் கடலோரக் காவல்படையின் 1554 என்றாலும் ஒரு சாதாரணக் கைப்பேசியில் அழுத்துங்கள். களத்தில் இருப்பவர்களிடம் அதைச் சொல்லிவையுங்கள்.

நெத்திலிக்கடை
ஜூன் 21

எல்லோருக்கும் நன்றி. என்ன செய்தேன் என்று எழுதுகிறேன், அடுத்து வருபவருக்கு உதவும்.

பெட்டி வாங்கவில்லை. கடையில் அதற்குக் காவல் இருக்க ஆளில்லை என்பதுதான் காரணம், பெட்டி மோசம் என்று சொல்லமாட்டேன். பழைய எண்ணை அதே நிறுவனத்தில் ஃபைபருக்கு மாற்ற ஒன்பது நாள் ஆனது. அதற்கு வரும் அழைப்பு எல்லாம் இப்போது புது எண்ணுக்குத் திரும்புகிறது. மாத வாடகைச் சேவையில் ஒரே நேரத்தில் நான்கு வெளி அழைப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். முதலில் அனுப்பிய தாளில் அது இல்லை, திருப்பி அனுப்பிய பிறகு சேர்த்தார்கள். வெளிநாட்டு அழைப்பு அடைத்தாயிற்று. கடையின் பெயரில் மூன்று கைப்பேசிகள் வாங்கி அதில் செயலியை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆட்கள் வேலை முடிந்தால் கல்லாவில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அறிவிப்புக் குரல் இல்லை. கடையில் நான்கு முறை மணி அடித்தும் எடுக்காவிட்டால் எல்லாக் கைப்பேசியும் ஒருசேர அடிக்கும்.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பிய முதல் விடியற்காலை, ஐந்து பத்துக்கு மின்சாரம் போயிற்று. யுபிஎஸ் வாங்கியிருந்தேன், ஆனால் முந்தின நாள் கூட்டும்போது யாரோ செருகியைக் கழற்றிவிட்டு மாட்டவில்லை. மோடம் இருட்டு. நான் தலையில் கைவைத்து நின்றபோது உச்சிப்புளிக் கிடங்கில் இருக்கும் எங்கள் தம்பி அழைத்தான்: “அண்ணே, கொல்லத்துக்காரர் பழைய நம்பரில் கூப்பிட்டார். நெத்திலி இருபது மூட்டை வேண்டுமாம், விலை என்ன சொல்லட்டும்?”

கண்ணாடியிழை
ஜூன் 21

விலை சொன்னீர்களா?

நெத்திலிக்கடை
ஜூன் 21

சொன்னேன், ஐயா. சரக்கு வியாழக்கிழமை ஏறிவிட்டது. யுபிஎஸ் செருகிக்கு மேலே ‘கழற்றக் கூடாது’ என்று அப்பா தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்.